புலி பார்க்கிறது என்று யார் சொல்வது?

உங்கள் புதிய அலுவலகத்தை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். நாற்பத்தொரு கணினி. ஆறு ஏசி. காபி எந்திரம் இரண்டு, அதில் ஒன்று ரிப்பேர். சதுரங்கப் பலகை ஒன்றுகூட இல்லை. தாயக்கட்டை இல்லை. ஓர் அட்டையும் ஒரு பிடி புளியங்கொட்டையும்கூட இல்லை. வாசலில் மட்டும் ஆன்லைன் வியூக விளையாட்டுகள் செய்யும் கம்பெனி என்று பெரிதாக எழுதியிருக்கிறது. சமையல்கட்டே இல்லாத ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டேனோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. எனக்குக் கவலை சீக்கிரம் வரும்.

"புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார், கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்று உங்கள் மேனேஜர் கேட்டார். ஜாலியாக எழுதத்தான் பார்க்கிறேன். நீங்கள் போட்டுக்கொடுத்த நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் குட்டை.

நான் சித்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே பஸ் நிறுத்தத்துக்கு ஒன்றாகப் பொறியியல் கல்லூரி முளைத்த காலம் அது. பிள்ளைகள் அங்கே படித்து, பெங்களூர் போய், அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். என் வகுப்பில் கடைசியாக மிஞ்சியது மூன்று பேர். அதில் ஒருவன் பாகாலாவில் வண்டி தாமதமானால் வரமாட்டான். பிறகு துறையையே மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் வேலை தேடிப் புறப்பட்டேன்.

என்னைச் சேர்த்துக்கொண்டவர், எல்லாரும் போன பாதையில் போய்விட்டுத் திரும்பி வந்தவர். தன் பெயரை எழுதக் கூடாது என்றிருக்கிறார், அதனால் முதலாளி என்றே வைத்துக்கொள்வோம். திருப்பதியில், மொட்டை போட்டவர்களுக்குத் தொப்பி விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஏழு பேரை வைத்து ஆன்லைன் விளையாட்டு செய்துகொண்டிருந்தார். பேட்டியில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"எண்ணுவீங்களா சார்?"

"வரும்போது படியை எண்ணிக்கினுதான் வந்தேன்," என்றேன். "ஒரு படி உயரம் அதிகமா இருக்குது. யாராவது விழப் போறாங்க."

அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

முதலாளியிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த யோசனையானாலும் முதலில் அட்டையில் ஆட வேண்டும். கோடு போட்ட அட்டை, புளியங்கொட்டை, கூழாங்கல். அதில் ஆடி ருசித்தால்தான் கணினிப் பக்கம் போகலாம். எங்களுக்குப் படம் வரைந்த பிரசாத்துக்கு இந்தச் சட்டம் கட்டோடு பிடிக்காது. புலியை முட்டித் தள்ளும் ஒரு கிடாவை அவன் இரண்டு வாரமாக வரைந்துகொண்டிருந்தான். கொம்பு மட்டும் ஒன்பது மாதிரி. "அட்டையில ஆடிட்டு வா" என்றார் முதலாளி. ஆடினோம். பன்னிரண்டு ஆட்டம் எண்ணினேன், பன்னிரண்டிலும் புலி மூலையில் ஒடுங்கிச் செத்தது. எல்லாரும் கிடாவைத்தான் எடுத்தார்கள், ஆடு வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கிடாவை விளையாட்டிலிருந்தே நீக்கிவிட்டோம். "கொம்பைப் பாருங்க சார், எவ்ளோ பாகுந்தி!" என்று பிரசாத் ஒரு வாரம் புலம்பினான். கொம்பு அழகுதான், அதில்தான் ஆபத்து. திரையில் முதலில் பார்த்திருந்தால் அந்த அழகில் மயங்கி, விளையாட்டு கெட்டிருப்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும். அட்டை அசிங்கமாக இருப்பதால் அதில் விதி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனிக்காக ஒரு விளையாட்டு செய்தோம். அதற்கு அடிப்படை ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. பக்கத்துப் புள்ளியில் இருக்கும் ஆட்டுக்கு அந்தப்புறம் காலியாக இருந்தால், புலி அதைத் தாண்டிக் குதித்துத் தின்றுவிடும். ஆடுகள் சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைத்தால் ஆடுகளுக்கு வெற்றி. வழக்கமாக இதை இரண்டு பேர் ஆடுவார்கள். முதலாளி இதை ஆறு பேருக்கு விரித்தார். ஒருவர் புலி. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு மூன்று ஆடு. ஐந்து பேரும் வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள், முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் ஒன்றுகூடி புலியை மடக்க வேண்டும். யோசனை பிரமாதமாக இருந்தது. அட்டையில் மாதக்கணக்கில் ஆடினோம். சாப்பாட்டு நேரத்தில்கூட விடவில்லை. பிரசாத்தின் சாம்பார் சிந்தி இரண்டு அட்டை வீணானது.

இதற்கு நிரல் எழுதியவள் செல்வி, நகரிப் பெண். அவள் நைனா, அதாவது அப்பா, வீட்டிலேயே இரண்டு விசைத்தறி போட்டிருந்தார். தினம் காலையில் பஸ் பிடித்து வருவாள், பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். திருப்பதி வரைக்கும்தான் அனுப்புவேன், பெங்களூர் என்ற பேச்சே கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. "இந்த ஆபீஸு போச்சுன்னா நான் தார் சுத்தத்தான் போவணும் சார்" என்று அடிக்கடி சொல்வாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத் தார் என்று பெயர். அதைச் சுற்றுவது வீட்டுப் பெண்களின் வேலை. செல்விக்குப் பத்து வயதிலிருந்தே அது தெரியும். அதிலிருந்து தப்பித்துத்தான் எங்களிடம் வந்திருந்தாள்.

முதல் சோதனை வாரம் வந்தது. பெங்களூர்க்காரர்கள் நாடு முழுக்க ஆட்களைப் பிடித்து ஆன்லைனில் ஆடவிட்டார்கள். ஒரு ஆட்டம் ஆடினவர்களில் பாதிப் பேர் இரண்டாவது ஆட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அரங்கம் காலி.

எனக்குத் தூக்கம் போயிற்று. புலி பலமாகிவிட்டதோ என்று எண்ணிப் பார்த்தேன். இல்லை. அட்டையில் புலி எவ்வளவு ஜெயித்ததோ, ஆன்லைனிலும் ஏறக்குறைய அவ்வளவேதான். கணக்கு சரி. சர்வர் சரி. நிறம் கண்ணை உறுத்துகிறதோ என்று பிரசாத் புல்லின் பச்சையை மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை. போனவர்கள் எழுதிவிட்டுப் போனதைப் படித்தோம். "ஏமாற்று வேலை" என்று ஒருவர். "என் ஆடு எப்படிப் போனது என்றே தெரியவில்லை" என்று இன்னொருவர். "மற்ற நாலு பேரும் தூங்குகிறார்களா?" என்று ஒருவர்.

வியாழக்கிழமை பெங்களூரிலிருந்து ஒரு அம்மையார் நேரில் வந்தார். தமிழ் பேசுவார், ஆனால் பிறந்து வளர்ந்தது டெல்லியில். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இரண்டாவது சோதனை தொடங்கும். அதிலும் ஆட்கள் போய்விட்டால் விளையாட்டைப் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கே வேறு குழுவிடம் கொடுப்பார்கள். இந்த அலுவலகம் மூடப்படும். "வர விருப்பம் இருக்கறவங்க அங்க வரலாம். வேலை தரோம்."

எல்லாரும் செல்வியைப் பார்த்தோம். அவள் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

முதலாளிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது. "மேடம், நீங்க ஒரு தடவ அட்டையில ஆடிப் பாருங்களேன்" என்றார். சுற்றி உட்கார்ந்தோம். அவருக்குப் புலி, எங்களில் ஐந்து பேருக்கு ஆடு. பத்துப் பதினைந்து நகர்வு போயிருக்கும். அம்மையார் ஒரு கல்லைத் தூக்கினார், என் ஆட்டைத் தாண்டி வைத்தார், ஆட்டை எடுத்து ஓரமாகப் போட்டார். வாயைத் திறக்கவே இல்லை.

"ஐயையோ!" என்று செல்வி எழுந்தே விட்டாள். "சொல்லாம துன்னுட்டாங்க சார்!"

"அய்யய்யோ, இதி அன்யாயம் மேடம்!" என்றான் பிரசாத்.

நானும் சும்மா இருக்கவில்லை. "ஆட்டைத் திருப்பி வையுங்கம்மா" என்றேன், வகுப்பில் பிட் அடித்தவனைப் பிடித்த குரலில்.

அம்மையார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "என்ன சொல்லணும்?"

"புலி பாக்குதுன்னு சொல்லணும்."

"எந்த விதியில இருக்கு? நாலு பக்கம் அனுப்பினீங்க, எல்லாத்தையும் படிச்சேன். எங்கயும் இல்லையே."

இல்லைதான். எழுதியவனே நான்தானே.

எங்கள் பக்கம், நகரியோ புத்தூரோ சித்தூரோ, புலி ஆடுகிறவர் ஓர் ஆட்டைத் தின்கிற இடத்துக்கு வந்துவிட்டால் "புலி பாக்குது" என்று சொல்ல வேண்டும். தெலுங்கு வீடுகளில் "புலி சூஸ்தோந்தி" என்பார்கள். எந்தப் புலி, எந்த ஆடு என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்லவும் கூடாது. வாயைத் திறக்காமல் தின்றால் ஆட்டைத் திருப்பி வைக்க வேண்டும், பார்த்தவர்கள் சிரிப்பார்கள். இது எங்களில் யாருக்கும் விதியாகத் தோன்றியதில்லை. விளையாடினால் இப்படித்தான் விளையாடுவார்கள், அவ்வளவுதான். அட்டையில் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் சொல்லியிருக்கிறோம். வெற்றியை எண்ணினேன், நகர்வை எண்ணினேன், யார் எத்தனை தடவை தலையைச் சொறிகிறார்கள் என்றுகூட எண்ணினேன். இது மட்டும் என் காதிலேயே விழவில்லை.

கணினிக்குள் விதியை மட்டும் ஏற்றியிருந்தோம். அங்கே போன புலி ஊமைப் புலி.

இதற்கு என்ன செய்வது என்பதில் சண்டை வந்தது. முதலாளி சொன்னார்: "ரொம்ப சிம்பிள். ஆளுக்கு ஒரு தடவ ஆட்டத் திருப்பி வாங்கிக்கலாம்னு வச்சிடலாம். எல்லாரும் பண்றதுதான்."

"அது வேற சார்," என்றாள் செல்வி. "துன்னப்பறம் திருப்பிக் குடுக்கறதுல என்னா இருக்குது? துன்றதுக்கு முன்னாடி ஒரு பயம் வரணும். புலி உறுமட்டும். எந்தப் புலின்னு காட்ட வேணாம். ஆறு பேருக்கும் கேக்கற மாதிரி ஒரு உறுமல், அவ்ளோதான்."

"உறுமினா புலிக்கு வேட்டையே கெட்டுப் போகுமே," என்றார் அம்மையார்.

மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காத நிலைமை. முதலாளி என் பக்கம் திரும்பினார். "எண்ணறவர் நீங்க. ஞாயித்துக்கிழம சாயந்தரம் நீங்க சொல்றதுதான் உள்ள போகும்."

எண்ணுவதற்கு எங்கள் வழக்கம் தெரியாத ஆட்கள் வேண்டும். இங்கேதான் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. தேசத்தில் உள்ள அத்தனை ஊர்க்காரர்களும் மொட்டையடித்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் தினம் போகிறார்கள், கீழே தொப்பி வாங்குகிறார்கள். நாங்கள் ஏழு பேரும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சனிக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்து முற்றத்தில் இரண்டு அட்டையை விரித்தோம். ஓர் அட்டையில் முதலாளியின் விதி, இன்னொன்றில் செல்வியின் விதி. தரிசனம் முடித்துவிட்டு ரயிலுக்குக் காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். ஒரு மராட்டியக் குடும்பம், ஒரிசாவிலிருந்து வந்த கணவன் மனைவி, குஜராத் வியாபாரி ஒருவர். சூளூர்பேட்டைக்காரர் ஒருவரும் ஆவலாக வந்து உட்கார்ந்தார். புலி நகர்ந்ததும் "சூஸ்தோந்தி, சூஸ்தோந்தி!" என்று கத்தினார்.

"அண்ணா, மீரு மனவாள்ளே. எழுந்திருங்க" என்று பிரசாத் அவரைக் கையோடு எழுப்பிவிட்டான். நம்ம ஆளாக இருப்பதற்காக ஒருவரை ஆட்டத்திலிருந்து விலக்கியதை அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் புரியவில்லை, போகவும் மனமில்லை. கடைசிவரை பின்னால் நின்றே ஆலோசனை சொன்னார்.

உறுமல் பிரசாத்தின் பொறுப்பு. புலி தின்கிற இடத்துக்கு வந்தால் அவன் பின்னால் நின்று "உர்ர்ர்" என்பான். மூன்றாவது உறுமலில் சத்திரத்துக் காவல்காரர் ஓடிவந்தார். "யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

முதலாளியின் அட்டையில் ஆட்டம் சண்டையில்லாமல்தான் போயிற்று. புலி தின்னும், ஆட்டுக்காரர் திருப்பிக் கேட்பார், புலிக்காரர் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். மற்ற நாலு பேரும் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தது ஒருவர் ஆட்டைப் பற்றிய விவகாரம், அவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது.

செல்வியின் அட்டை வேறு மாதிரி. பிரசாத் உறுமியதும் ஐந்து தலையும் ஒரே சமயத்தில் அட்டை மேல் குனிந்தன. எந்தப் புலி? மராட்டிய அம்மாள் ஒரு புள்ளியைக் காட்டினார். ஒரிசாக்காரர் இல்லை என்று தலையாட்டி இன்னொன்றைக் காட்டினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. விரலாலேயே வாதம் செய்தார்கள். எல்லாரும் சேர்ந்து தவறான புலியை அடைத்தார்கள். வேறு புலி குஜராத்காரரின் ஆட்டைத் தின்றது. ஐந்து பேரும் ஒரே குரலில் "ச்சே!" என்றார்கள். புலியாக உட்கார்ந்திருந்த மராட்டியப் பெரியவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உறுமியும் ஏமாற்றிவிட்டாரல்லவா. வேட்டை கெடவில்லை, இன்னும் ருசியாகிவிட்டது.

ஆனால் அவர்களுக்கு ரயில் வந்துவிட்டது. செல்வியின் அட்டையில் முழு ஆட்டம் மூன்றுதான் கிடைத்தது. முதலாளியின் அட்டையில் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், ஆனால் உட்கார ஒருவரும் தயாரில்லை.

சாயந்தரம் மூன்று என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆட்டத்தை வைத்து முடிவு சொல்லும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போட்டதே கிடையாது. முதலாளியின் விதி பத்திரமானது. யாருக்கும் கோபம் வராது. செல்வியின் விதி கவிழ்ந்தால் அவள்தான் தறிக்குத் திரும்புவாள். நானா, என் ஓய்வுக்கு இன்னும் சில வருஷம்தான், வீட்டில் உட்கார்ந்து கவலைப்படலாம்.

"ஏம்மா, உன்னோட விதி வேணாம்னு நான் சொன்னா உனக்கு நிம்மதியா இருக்குமா?" என்று கேட்டேன்.

"ஆட்டத் திருப்பி வாங்கற விதியோட இந்த ஆட்டம் ஓடும், ஆனா யாரும் பேசிக்க மாட்டாங்க சார். அப்டி ஒண்ண காப்பாத்தறதுக்கா நான் டெய்லி ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கினு இருக்கேன்? போனா என் வேலதான போவும். நீங்க பாத்தத சொல்லுங்க."

நான் பார்த்தது எது? அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எது ஜெயிக்கிறது என்பதை எண்ண மூன்று ஆட்டம் போதாது. ஆனால் நாங்கள் இழந்தது வெற்றி தோல்வி அல்லவே. அது முதல் சோதனையிலேயே சரியாகத்தான் இருந்தது. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்களே, அதைத்தான் தொலைத்திருந்தோம். அந்த மூன்று ஆட்டத்தில் இருபத்தாறு தடவை உறுமல் கேட்டது. இருபத்தாறு தடவையும் ஐந்து தலையும் குனிந்தன. பதினொரு ஆட்டத்தில் திருப்பி வாங்கியபோது குனிந்தது ஒரு தலைதான். எண்ண வேண்டியதை எண்ணினால் என்னிடம் போதுமான கணக்கு இருந்தது.

"உறுமட்டும்," என்றேன்.

 முதலாளி உடனே பிரசாத்தைக் குளியலறைக்குள் அனுப்பி உறுமலைப் பதிவு செய்யச் சொன்னார். எதிரொலி நன்றாக வரும் என்பதற்காக. குழாய் சொட்டுகிற சத்தமும் அதில் சேர்ந்துவிட்டது. கடைசிவரை எங்கள் புலி லேசாகச் சொட்டிக்கொண்டேதான் உறுமியது.

அந்த வாரம் நான் சாப்பிட்டதை எண்ணிக்கொள்ளவில்லை என்பதிலிருந்து என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை ஆட்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை அவர்களே மறுபடி வந்தார்கள். புதன்கிழமை, ஐந்து ஆட்டுக்காரர்கள் ஆட்டம் முடிந்த பிறகும் போகாமல், எந்தப் புலி உறுமியது என்று அரைமணி நேரம் எழுதி வாதாடிக்கொண்டிருந்தார்கள். செல்வி அதைப் படித்துக்கொண்டே பஸ்ஸை விட்டுவிட்டாள், அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.

சனிக்கிழமை மதியம் அம்மையார் போன் செய்தார். முதலாளி இரண்டு தடவை "சரி மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு, "ஆபீஸ் இங்கதான்" என்றார். பிரசாத் நாற்காலி மேல் ஏறி நேரடியாகவே உறுமினான்.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். முதலில் அட்டையில் ஆடுங்கள். ஆனால் உங்களோடு சாம்பார் சாப்பிடுகிறவர்களோடு மட்டும் ஆடாதீர்கள். உங்கள் பழக்கம் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, அவர் எந்த இடத்தில் உங்களுக்குக் கோபமூட்டுகிறார் என்று பாருங்கள். விதியில் எழுத மறந்தது அங்கேதான் இருக்கும்.

அன்று அந்தப் போன் வந்ததுமே செல்வி வெளியே போய், மாடிப்படியில் நின்றபடி வீட்டுக்குப் போன் போட்டாள். தறிச் சத்தம் எனக்கே கேட்டது. கரண்டு இருக்கும்போது தறியை நிறுத்துகிற வழக்கம் அந்த வீடுகளில் கிடையாது. பேசுகிறவர்கள் கத்திப் பேசிக்கொள்வார்கள்.

"நைனா, வேல இருக்குது!" என்றாள். "வேல... போவல! இங்கயே இருக்குதுன்னு சொல்லிட்டாங்க! கேக்குதா? இருக்குது நைனா!"

கீழே தொப்பி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தறி ஓடிக்கொண்டேயிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி கத்தத் தயாரானாள்.

அப்போது சத்தம் பாதியாகக் குறைந்தது. பிறகு முழுக்க நின்றது. அவ்வளவு அமைதியில் அவள் நைனாவின் குரல், நாலு படி தள்ளி நின்ற எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு தறியையும் நிறுத்திட்டேன். இப்ப மெதுவா சொல்லு."